கெட்டில் என்று கூப்பிட்டபோது

நேற்று இங்கே சிட்னியில், குவேக்கர்ஸ் ஹில் தபால் கந்தோரில் ஒரு பொதிக்காக நின்று வாதாடினேன். பொதியின் மேல் 'முகுந்தன்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. குடும்பப் பெயர் எங்கே என்று கவுண்டரில் இருந்த பெண் கேட்டார். ஒட்டியிருந்த முத்திரையைக் காட்டி, அனுப்பியவரின் நாட்டில் அப்படி ஒன்று கிடையாது, ஆளின் பெயர்தான் பெயர் என்றேன். அவர் என் லைசென்ஸையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போதுதான் பொதியின் மூலையில் அனுப்பியவரின் பெயரைக் கண்டேன். உமது பெயர், அதன் வாலில் 'மகள்' என்ற உங்கள் மொழிச் சொல். அனுப்பியது நீரல்ல, உமது மகள். அதற்குப் பிறகு எனக்கு வாதாடத் தெம்பில்லை. என் முகத்தைப் பார்த்தோ என்னவோ, அவர் பொதியைத் தந்துவிட்டார்.

காருக்குள் இருந்தே பிரித்தேன். உமது ஒன்பதாம் இலக்கச் சட்டை. தோய்க்காமலே மடித்து வைத்திருக்கிறார்கள். எட்டு வருடத்துக்குப் பிறகும் கழுத்துப் பட்டியில் நான் உமக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசம் லேசாக இருந்தது. கூடவே உமது மகளின் கடிதம். மார்ச் மாதம் ஒரு காலையில் நீர் எழும்பவில்லையாம். இதயம். நாற்பத்து நாலு வயது. இந்தச் சட்டையை என்னிடம் சேர்க்கும்படி முன்பே சொல்லி வைத்திருந்தீராம்.

நாம் ஆங்கிலத்தில்தான் பேசினோம். அதில் நீயும் நீங்களும் ஒன்றுதான். இப்போது தமிழில் எழுத உட்கார்ந்தால் உம்மை என்னவென்று கூப்பிடுவது என்ற கேள்வி வருகிறது. நீ என்று சொல்ல மனம் வரவில்லை, நீங்கள் என்றால் தூரமாகிவிடுகிறது. நல்ல வேளையாக எங்கள் பேச்சில் நடுவே 'நீர்' இருக்கிறது. உமது பெயரை மட்டும் எழுதவில்லை. அதன் நடுவில் வரும் ஒலிக்குத் தமிழில் எழுத்தில்லை. பத்து நாடுகளில் அதைப் பிழையாகச் சொன்னார்கள். நானும் ஒரு பிழையைச் சேர்க்க விரும்பவில்லை.

சிட்னியின் மேற்குப் பக்கத்துச் சின்ன உதைபந்தாட்டக் கழகம் அது. பகலில் பரமட்டாவில் கணினிக்காரரின் கழுத்துகளைத் திருப்பிவிட்டு, பின்னேரங்களில் அங்கே பிசியோவாகப் போய்க்கொண்டிருந்தேன். எல்லோரும் என்னைக் 'கணா' என்றார்கள். கணபதிப்பிள்ளை என் அப்பாவின் பெயர். பாஸ்போட்டில் அது கடைசியில் நிற்பதால் இந்த நாடு அதையே என் பெயராக்கி, பிறகு சோம்பலில் சுருக்கியும் விட்டது. அப்பாவை நான் ஒரு நாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே அவர் பெயரை வெட்டி, 'கணா, ஐஸ் கொண்டா' என்பார்கள். நானும் ஓடுவேன்.

முதல் நாள் நீர் மேசையில் கால் நீட்டிக்கொண்டு, அது யாருடைய பெயர் என்று கேட்டீர். அப்பாவுடையது என்றேன். நீர் சிரித்தீர். உமது அப்பா கெட்டில். நீர் கெட்டிலின் மகன், அதனால் கெட்டில்சன். அது குடும்பப் பெயரே இல்லை, ஆனால் போன இடமெல்லாம் சட்டையின் முதுகில் அதைத்தான் அடித்தார்கள். இங்கே வந்து ஒரு கிழமைக்குள் பொடியள் அதையும் வெட்டி, தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கும் கெட்டிலாக்கிவிட்டார்கள். "அப்ப உம்முடைய பெயர் என்ன?" என்று கேட்டீர். அந்தக் கழகத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் நீர்தான். கடைசி வரை முகுந்தன் என்றே கூப்பிட்டீர், அதுவும் பிழையில்லாமல்.

உமது கதையை நான் பேப்பரில் படிக்கவில்லை, உமது கால்களில் படித்தேன். கணுக்காலில் டென்மார்க். முன்னெலும்பில் போலந்து, ஆறு தையல். பெருவிரல் நகம் சைப்ரஸில் போனது, பின்தொடை கொரியாவில் கிழிந்தது. நான் அழுத்த அழுத்த நீர் ஊர்ப் பெயர் சொல்வீர். எல்லாம் ஒரு வருட ஒப்பந்தம். கோல் அடித்தால் அடுத்த நாட்டில் கூடக் காசு, அடிக்காவிட்டால் அடுத்த நாட்டில் குறையக் காசு, எப்படியும் அடுத்த நாடுதான். அரை மணியில் வீட்டைப் பெட்டிக்குள் வைக்கப் பழகிவிட்டதாகச் சொன்னீர். எட்டு மொழியில் 'பின்னால் ஆள்' என்று கத்தத் தெரியும். எந்த மொழியிலும் பக்கத்து வீட்டுக்காரரோடு கதைக்கத் தெரியாது. களைச்சுப்போனன் என்று சொல்லவும் கூச்சமாக இருக்கு, விளையாட்டுத்தானே என்பாங்கள் என்றீர். எனக்கும் அப்போது அதே களைப்பு. அதனால்தான் ஒட்டிக்கொண்டோம் போல.

உமது அப்பா ஒரு தரமும் வந்ததில்லை. மீன்பிடிக்காரர். கடல் நல்லாக இருக்கும் மாதங்களில் தொழில், மற்ற மாதங்களில் ஆகாயவிமானப் பயம். அவர் பெயரைச் சுமந்து இருபது வருடமாக ஓடுகிறேன், அவர் அதை ஒரு நாளும் பார்க்கவில்லை என்று நீர் பகிடியாகச் சொல்வீர். பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் எழுபத்தெட்டு வயதில் திடீரென்று டிக்கட் எடுத்தார். ஜூலையில், ஒரே ஒரு ஞாயிறு ஆட்டம் வரும்படி.

வியாழன் பயிற்சியில் உமது வலது முழங்கால் வீங்கியது. நான் கையெழுத்து வைக்காமல் பயிற்சியாளர் உம்மை இறக்கமாட்டார். எல்லோரும் போகும்வரை காத்திருந்து, நீர் சொன்னது இவ்வளவுதான்.

"முகுந்தன், இந்த ஒரு ஆட்டம். பிறகு நீர் என்ன சொன்னாலும் கேக்கிறன்."

இல்லை என்றேன். ஓய்வு எடுத்தால் இன்னும் இரண்டு சீசன் விளையாடலாம், இறங்கினால் இதோடு முடிந்துவிடும் என்று விளக்கினேன். நீர் சப்பாத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்.

ஜூலை இங்கே குளிர்காலம். ஞாயிறு பின்னேரம் நாங்கள் எல்லோரும் ஜக்கெட்டுக்குள் ஒடுங்கி இருந்தோம். பனி நாட்டிலிருந்து வந்த உமது அப்பா உமது பயிற்சிச் சட்டையை மட்டும் மாட்டிக்கொண்டு, வெயில் காய்கிறவர் மாதிரிப் பார்வையாளர் வரிசையில் இருந்தார். பக்கத்தில் நீர், தலையைக் குனிந்தபடி. இடைவேளையில் உம்மை உற்சாகப்படுத்தப் பொடியள் மேலே பார்த்து "கெட்டில்" என்று கூவினார்கள். நீர் நிமிரவில்லை. கிழவர்தான் எழும்பிக் கையசைத்தார். அது அவருடைய பெயர், அவரைத்தானே கூப்பிடுகிறார்கள். மைதானம் முழுக்கச் சிரித்தது. அவருக்குக் காரணம் விளங்கவில்லை, மற்றப் பக்கம் திரும்பி அவர்களுக்கும் கையசைத்தார். அப்போதுதான் நீர் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தீர். நானும் சிரித்தேன். பிறகு ஐஸ் பெட்டியைக் கிளறுகிற மாதிரிக் குனிந்துகொண்டேன். அப்பா செத்தபோது நான் பிரிட்ஜிங் விசாவில் இருந்தேன். வெளியே போனால் திரும்பி வர முடியாது. போகவில்லை. கணா என்று எத்தனை பேர் கூப்பிட்டாலும் எழும்பிக் கையசைக்க எனக்கு ஆள் இல்லை.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். மூன்று கிழமைக்குப் பிறகு ஸ்கான் வந்தது. அந்த முழங்காலுக்குள் தேய்வதற்கு எதுவும் மிச்சமிருக்கவில்லை, பல வருடமாகவே. ஒரு ஆட்டம் அதை ஒன்றும் செய்திருக்காது. இரண்டு சீசன் என்று நான் சொன்னது வெறும் கதை. நான் காப்பாற்றியது ஒன்றுமில்லை, உம்மிடமிருந்து பறித்தது அந்த ஞாயிற்றுக்கிழமையை. இதை நான் உமக்குச் சொல்லவில்லை. நல்ல வேளை நிப்பாட்டினோம் என்றேன். நீர் என் தோளில் தட்டி, நன்றி சொன்னீர். சீசன் முடிய ஊருக்குப் போனீர், அடுத்த வருடம் உமது அப்பாவும் செத்துப்போனார். வருடத்துக்கு ஒரு தரம் நீர் போன் எடுப்பீர். ஒவ்வொரு தரமும் சொல்ல நினைத்து, முழங்கால் எப்படி என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அன்றைக்கு இல்லை என்று சொன்னதில் கொஞ்சம் பொறாமையும் இருந்ததோ என்று இப்போது யோசிக்கிறேன். உமது அப்பா வந்தார் என்ற பொறாமை. தெரியாது. இருந்திருக்கலாம்.

உமது அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரே ஆட்டம் அதுதான் என்று நீர் அடிக்கடி சொல்வீராம். மகள் எழுதியிருக்கிறார். நல்ல பிள்ளை. எனக்கு அது ஆறுதலாக இல்லை. சட்டையை நான் போட்டுப் பார்க்கவும் இல்லை. அலுமாரியில், என் சேட்டுகளுக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

உம்மிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு கேள்வி. யாராவது விளையாடலாமா என்று வந்து மேசையில் ஏறினால், காலைத் தொடுவதற்கு முதல் அதைக் கேட்கிறேன். பார்க்க யார் வருகிறார்கள்? அநேகமானவர்கள் ஒருவரும் இல்லை என்பார்கள். போன மாதம் ஈப்போவிலிருந்து வந்து இங்கே தாதியாக இருக்கும் ஒரு பெண், நெட்போல் இறுதி ஆட்டத்துக்கு முதல் வந்தா. அம்மா வர்றாங்க, முதல் தடவையா என்றா. முழங்காலைப் பார்த்தேன். நல்லாக இல்லை. இருப்பதை இருப்பதுபோல் சொன்னேன், ஒரு சீசனும் கூட்டிச் சொல்லவில்லை. இறங்குவதா விடுவதா என்பது உம்முடைய முடிவு என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை முழங்கால் வீங்கி, நொண்டிக்கொண்டு வந்தா. வென்றார்களா என்று நான் கேட்கவில்லை.

"அம்மா பாத்தவவோ?"

"பாத்தாங்க."

அதற்குப் பிறகு ஐஸ் எடுக்கப் போனேன்.