பெஞ்சில் ஆறிய காபி

அப்பா,

இன்று காலை ஏ.சி. ரிப்பேர் பார்க்க வந்தவர் நேராகப் போய் உங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். மயிலாப்பூர் வீட்டை விற்று அடையாறு ஃபிளாட்டுக்கு வந்தபோது, எல்லோரும் வேண்டாமென்று சொல்லியும் நான் தூக்கி வந்த அதே தேக்கு பெஞ்ச். முன்பின் தெரியாத ஓர் ஆள் அதில் உட்கார்ந்தால் இப்போதும் எனக்குக் கைவேலை ஓடுவதில்லை.

பல முறை ஜெயித்துச் சட்டசபைக்குப் போனவர் நீங்கள். எனக்குத் தெரிந்த சட்டசபை நம் வீட்டு முன்கூடம்தான். விடிந்தால் பெஞ்ச் நிரம்பிவிடும். குழாயில் தண்ணீர் வரவில்லை, மகனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டது, பள்ளியில் இடம் கிடைக்கவில்லை. யாராக இருந்தாலும் முதலில் காபி, பிறகுதான் பேச்சு. "வெறும் வயித்தோட எவனும் தன் குறையை முழுசா சொல்லமாட்டான்" என்பீர்கள். "தொகுதிக்கே ஓட்டல் நடத்துறேன்" என்று அம்மா உள்ளே முணுமுணுத்தபடி டிகாக்‌ஷன் இறக்குவாள்.

நெருக்கடி நிலை வந்த ஆண்டின் மழைக்காலத்தில்தான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்பு ஷூ. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"என்ன விஷயம் தம்பி?"

"அப்புறம் சொல்றேன் சார்."

மறுநாளும் அதே பதில். "மானஸ்தன். வேலை போயிருக்கும், வாய் திறந்து கேக்கக் கூச்சப்படறான்" என்று அம்மாவிடம் இரக்கப்பட்டீர்கள். அம்மா டம்ளரைப் பார்த்தாள். காபி ஆடை படிந்து அப்படியே இருந்தது. "கேக்க வந்தவன் காபியைத் தொடாம போவானாங்க?"

"சர்க்கரை வியாதியா இருக்கும். நாளைக்குச் சர்க்கரை போடாம குடு."

அந்தக் காபியும் ஆறித்தான் போனது.

உங்களிடம் வாய் திறக்காதவர் பக்கத்தில் இருப்பவர்களிடம் மட்டும் பேசினார். பேர் என்ன, எந்தத் தெரு, எதற்காக வந்தீர்கள். மெதுவான, மரியாதையான குரல். அவர் பேசிய ஆள் மறுநாள் வருவதில்லை. பெஞ்சில் இடம் கூடிக்கொண்டே போனது. நொச்சிக்குப்பத்து மீன்காரம்மா ஒருத்திதான் கொல்லைப்பக்கமாக வந்து சொன்னாள்.

"நைனா, அந்தாளு சாயங்காலமும் தெருமுனைல நின்னு உன் வூட்டையே பாத்துக்கினு கீறான். எங்கனா போய்டு நைனா."

"வூட்டுக்கு வந்தவனை வுட்டுட்டு எங்கம்மா போறது? அவன் குறை இன்னான்னே இன்னும் தெரியலை."

அன்று உங்கள் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ஊரார் குறையெல்லாம் கேட்ட உங்களுக்கு, வீட்டில் நாங்கள் பயந்து செத்துக்கொண்டிருந்தது தெரியவில்லையே!

ஆட்சியைக் கலைத்த செய்தி ரேடியோவில் வந்ததற்கு மறுநாள் காலை, பெஞ்சில் அவர் ஒருவர்தான். வாசலில் போலீஸ் ஜீப் நின்றது. அம்மா அடுப்படியை விட்டு அசையவில்லை. நீங்களே உள்ளே போய்க் காபி எடுத்து வந்து அவர் பக்கத்தில் வைத்தீர்கள்.

"இப்பவாவது சொல்லு தம்பி."

"கிளம்பலாம் சார்."

செருப்பை மாட்டும்போது, "ஆறுறதுக்குள்ள குடிச்சிடு" என்றீர்கள். அவர் தலை குனிந்துகொண்டார். டம்ளரைத் தொடவில்லை.

ஒரு வருஷம் கழித்துச் சிறையிலிருந்து பாதி உடம்பாகத் திரும்பி வந்தீர்கள். இடது காது கேட்கவில்லை. ஏனென்று கடைசிவரை நீங்கள் சொல்லவே இல்லை. அடுத்த தேர்தலில் மறுபடி ஜெயித்தீர்கள். பெஞ்ச் மறுபடி நிரம்பியது. வலது காதைத் திருப்பி வைத்துக்கொண்டு, யார் எவரென்று பாராமல், அதே காபி, அதே கேள்வி. பட்டும் புத்தி வரவில்லை என்று அம்மா திட்டுவாள். எனக்கு வாய்த்தது அம்மாவின் புத்தி.

இன்று ஏ.சி.காரருக்குக் காபி வைத்தேன். உள்ளே தலைக்கு மேல் வேலை கிடந்தும் போகவில்லை. கதவைப் பிடித்தபடி டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் போனை நோண்டிக்கொண்டிருந்தார். ஆடை படியத் தொடங்கியது.

"குடிங்க தம்பி." என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இன்னாமா அப்படிப் பாக்கறீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

உங்கள் ஞாபகமாகத்தான் அப்பா இந்தப் பெஞ்சைத் தூக்கி வந்தேன். கூடவே அந்தக் கறுப்பு ஷூக்காரரும் வந்துவிட்டார். இன்னும் எழுந்து போகவில்லை.