விளக்கில்லாத பிள்ளையார்

2025 பெப்ரவரி 6

அண்ணை இன்றும் என் வீட்டுப் பல்கனியில்தான். கீழே ஒழுங்கையில் ஒரு வான் வந்து நின்றால் போதும், கதிரையை விட்டு எழும்பிவிடுகிறார். கால் செருப்பைத் தேடும். பிறகு இது கொழும்பு, வெள்ளவத்தை என்று நினைவு வந்து, மெல்ல இருப்பார். குறை சொல்ல முடியாது. ஓய்வு பெற்று இத்தனை வருசமாகியும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தால் என் கை சோக்குக் கட்டியைத் தேடுகிறது.

வன்னிக் காட்டு வீதியில் அவர் நடத்திய பெற்றோல் செட்டை மகன் பிரியந்தன் ஒரு கொம்பனிக்கு விற்றுவிட்டான். முழங்கால் ஏலாத மனுசன் காட்டுக்குள் தனியே இருக்க முடியாது, அது சரி. அண்ணை ஒன்றே ஒன்றுதான் கேட்டுக் கையெழுத்து வைத்தார்: “இடிக்க முன்னம் என்னை ஒருக்காக் கூட்டிக்கொண்டு போ. பிள்ளையாரை நான்தான் தூக்க வேணும்.” பிரியந்தன் “ஓம் அப்பா” என்றான்.

பெப்ரவரி 9

வன்னியில் படிப்பித்த காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் பஸ்ஸில் போய் அண்ணையின் செட்டில் இறங்குவேன். மாங்குளத்துக்கு இப்பால், கண்டி வீதியின் இரண்டு பக்கமும் காடு. நடுவே இரண்டு பம்பு, ஒரு தகரக் கூரை, கல்லாவுக்கு மேலே கருங்கல்லில் அரை முழ உயரப் பிள்ளையார். பூவும் தண்ணீரும் மட்டும். விளக்கு இல்லை, கற்பூரம் இல்லை, ஊதுபத்திகூட இல்லை. பெற்றோல் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது, சாமிக்கும் அதே சட்டம்.

ஒருமுறை ஒரு யாத்திரை பஸ் முழுக்க இறங்கிக் கற்பூரத்தை எடுத்தது. அண்ணை மணல் வாளியோடு முன்னால் வந்து நின்றார்.

“கும்பிடுறதெண்டாக் கண்ணால கும்பிடுங்கோ. நெருப்பை முறிகண்டிப் பிள்ளையாரிட்டப் போய்க் கொளுத்துங்கோ.”

“சாமியை இருட்டில வைச்சிருக்கிறியள், உருப்படுவியளோ?” என்றாள் ஒரு மனுசி.

“என்ர பிள்ளையாருக்கு இருட்டுப் பழக்கம், அக்கா.”

யுத்தத்தில் கூரை போனது, பம்புகள் போயின. திரும்பி வந்து மண்ணைக் கிளறிப் பிள்ளையாரை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினார்.

மார்ச் 2

பிரியந்தன் நுகேகொடையிலிருந்து வந்தான். என் கையால் வடை சாப்பிட்டான்.

“சித்திரை வருசத்துக்குப் பிறகு போவம் அப்பா. இப்ப அந்தப் பக்கம் யானை இறங்குதாம்.”

“யானை எனக்குப் புதுசோடா?”

சிரித்தான். கொப்பியை வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்கிற பிள்ளை ஆசிரியரின் முகத்தைப் பார்க்காது, சுவரைப் பார்க்கும். இவன் என் கலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்ச் 3

நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ?

ஏப்ரல் 20

வருசம் வந்து போய்விட்டது. அண்ணை புது வேட்டியை மடித்துத் தலைமாட்டில் வைத்திருக்கிறார். பயணத்துக்காம்.

ஏப்ரல் 27

கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் வந்தார். யாழ்ப்பாண பஸ் ஓட்டிய காலம் முழுக்க அண்ணையிடமே டீசல் அடித்த மனிதர். சாரத்தால் சுற்றிய பெரிய பொதியொன்றை நெஞ்சோடு அணைத்தபடி படியேறினார். அவிழ்த்தார். பிள்ளையார்.

“யாழ்ப்பாணத்தில ஒரு கலியாணம், முதலாளி. வரக்குள்ள பாத்தா ஒங்கட செட்டைக் காணல்ல. புதுசாக் கூரை போடுறானுகள். இவர் பின்னால பாலை மரத்தடியில, ஒடஞ்ச கல்லோட கெடந்தாரு. பாவம், எங்கட அந்தோனியாருக்கெண்டாலும் ஆராவது மெழுகுதிரி வைப்பான். கொழும்பு வரைக்கும் மடியில வச்சிக்கொண்டு வந்தன். டிரைவர் தம்பி வழி முழுக்கச் சிரிச்சான்.”

அண்ணை சிரிக்கவில்லை. பிள்ளையாரின் காதிலிருந்த சீமெந்தைச் சுண்டுவிரலால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“எப்ப இடிச்சவங்களாம்?”

ஒஸ்வால்ட் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய?

“பெப்ரவரி கடைசியில எண்டாங்க.”

அப்படியென்றால் மார்ச் 2 — என் வடையைத் தின்றுகொண்டு — எந்த வாயால் சொன்னான்? அந்த இரண்டு பம்பும்தானே அவனைக் கம்பஸ் வரைக்கும் படிக்க வைத்தது. ஒரு நாள். ஒரேயொரு நாள் கேட்டார் மனுசன்.

ஏப்ரல் 28

பிரியந்தனை ரெலிபோனில் கேட்டேன். “கொம்பனிக்காரர் அவசரப்படுத்தினவை மாமி. அப்பா பாத்தாத் தாங்கமாட்டார் எண்டு நினைச்சன்.” தாங்கமாட்டாராம். யுத்தத்துக்குப் பிறகு அந்த வெறும் நிலத்தைப் பார்த்தவர்.

மே 11

பிரியந்தன் ஒரு பித்தளை விளக்கு வாங்கி வந்தான். இடுப்பளவு உயரம்.

“இனிக் கொளுத்தலாம்தானே அப்பா, இங்க என்ன பெற்றோலோ இருக்கு?”

அண்ணை “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ” என்றார். அவன் போனதும் விளக்கைக் கதவுக்குப் பின்னால் வைக்கச் சொன்னார். அது எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

ஜூன் 8

பின்னேரம் குசினியில் நின்றேன். அண்ணை வந்து தீப்பெட்டியை எடுத்தார். அவர் கையில் தீப்பெட்டியை நான் என்றைக்கும் கண்டதில்லை.

“பிள்ளை, அந்த விளக்கை எடு.”

“வேண்டாம் அண்ணை.”

“எடு. இனி ஆருக்குப் பயம்?”

அவரே கொளுத்தினார். பிள்ளையாரின் முகத்தை முதன்முதலாக விளக்கு வெளிச்சத்தில் பார்த்தேன். தும்பிக்கையில் ஒரு வெடிப்பு.

பிரியந்தன் ரெலிபோன் எடுத்தபோது, அண்ணை விளக்குக் கொளுத்தியதைச் சொன்னேன். “நல்ல விசயம் மாமி,” என்றான். “அப்பா பழகிட்டார்.”

கீழே ஒரு வான் வந்து நின்றது. அண்ணை திரும்பிப் பார்க்கவில்லை.