தும்மினால் திறக்கும் பூட்டு

கடல் தாண்டிக் குடியிருக்கும் மருமகளுக்கு, மூவுலகப் பூட்டுகளுக்கும் சக்கரவர்த்தியாகிய உன் தாய்மாமன் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. என் மீசைதான் ஒரு வாரமாகத் தொங்கிக் கிடக்கிறது. காரணம் உன் அப்பா.

உன் கல்யாண விருந்தில் எழுநூறு பேர் முன்னால் அவர் என்ன சொன்னார்? மச்சான் செய்த பூட்டுக்குச் சாவி எதற்கு, பக்கத்தில் நின்று தும்மினாலே திறந்துகொள்ளுமே என்றார். நீயும் சிரித்தாய். உன்னை மன்னித்துவிட்டேன். அவரை விடவில்லை. இருவருக்கும் ஒரே தொழில், எதிரெதிர்ப் பட்டறை. பதினோரு வருடம் அந்தக் கோபத்தைப் பிள்ளைபோல வளர்த்தேன். பள்ளியில் சேர்த்திருந்தால் ஆறாவது படித்துக்கொண்டிருக்கும்.

போன வாரம் நகைக்கடைக்காரருக்கு ஓர் இரும்பு அறை செய்து முடித்தேன். யானை முட்டினால் யானைக்குத்தான் தலைவலி. கதவில் உள்ளேயும் வெளியேயும் சாவித் துளை. மேலே காற்றுக்குக் கையகலத் திறப்பு. உள்ளே போய்ப் பூட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று பணிவாகக் கூப்பிட்டேன். உன் அப்பா நுழைந்ததும் கதவைச் சாத்திப் பூட்டினேன். கெஞ்சினால் திறப்பேன் என்றேன். போய் டீ சொல்லுடா, அது வருவதற்குள் நான் வெளியே நிற்பேன் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. சட்டைப்பையில் வளைந்த கம்பி இல்லாமல் அவர் தூங்கக்கூட மாட்டாரே.

டீ வந்தது, ஆறியது. உள்ளே கம்பி உரசும் சத்தம் மட்டும். என்னதான் செய்கிறார் மனுஷன்? ஆவல் தாங்காமல் ஏணி போட்டு ஏறி எட்டிப் பார்த்தேன்.

கம்பி துளைக்குள் போகவே இல்லையம்மா. துளையைச் சுற்றி இரும்பைக் கீறிக்கொண்டிருந்தது. வலது கை அப்படி நடுங்கியது. இடது கையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் நடுக்கம் நிற்கவில்லை.

இறங்கிவந்து, வெளியிலிருந்து சாவியைப் பூனைபோல நுழைத்தேன். அடுத்த உரசல் கேட்டதும் திருப்பினேன்.

வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆறிய டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். பூட்டு நல்ல பூட்டு மச்சான் என்று மெதுவாகச் சொன்னார். பதினோரு வருடமாக நான் கேட்கக் காத்திருந்த வார்த்தை. கேட்டபோது மீசையை முறுக்கக் கை போகவில்லை. திறந்தது கம்பியா, வெளியிலிருந்த சாவியா என்று அவருக்கா தெரியாது?

தெருவில் யார் கேட்டாலும், ஆமாம், பத்து நிமிஷத்தில் திறந்துவிட்டார் என்கிறேன். அக்காவிடம் மூச்சு விடவில்லை. டாக்டரிடம் போகலாம் என்று அவரிடம் சொன்னேன். உன் மூளையைக் காட்டிக்கொண்டு வா என்றார்.

லீவு போட்டு வா, தாயே. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது பேசிக்கொண்டே அந்தக் கையை எடுத்து உன் மடியில் வைத்துக்கொள். நான் தொட்டால் இழுத்துக்கொள்வார். உன்னிடம் கொடுப்பார்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உன் மாமா