காந்தத்துக்குள் அலுமினியம்

ஜூன் 11, 2024

இரண்டாவது தூளும் கெட்டுப்போனது. என் ஆய்வை வழிநடத்தும் யோகேஸ்வரன் சேர் எக்ஸ் கதிர்ப் படத்தைப் பார்த்துவிட்டு, “இரும்பு கொறையுதும்மா. இன்னொரு தடவ பாருங்க. அதுவும் சரிவரலன்னா உலையை மத்தவங்களுக்குக் குடுத்துருவேன்” என்றார். உலை போனால் என் ஆய்வும் போகும். ஊருக்கு, திம்புள்ளைக்கு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அளவாகத்தானே நிறுத்தேன்! எங்கே போய்த் தொலைகிறது இரும்பு?

ஜூன் 12

எரிச்சலிலும் வியக்காமல் இருக்க முடியவில்லை. பேரியம், இரும்பு, ஒட்சிசன் சேர்ந்த வெறும் தூள். மின்சாரத்தை அண்டவே விடாது. ஆனாலும் காந்தம்! அதில் இரும்பு அணுக்கள் சிலவற்றை எழுப்பிவிட்டு அலுமினியத்தை உட்கார வைத்தால் குணமே மாறுமாம். எந்தக் காந்தமும் சீண்டாத அலுமினியம். எங்கள் வீட்டுச் சோற்றுச் சட்டி!

ஜூன் 15

வீட்டில். விடாத மழை. தேயிலைக் கொழுந்து நிறுத்துவிட்டு வந்த அம்மா, தலைத்துணியைக் கூட அவிழ்க்காமல் கணக்கப்பிள்ளையைத் திட்டினாள். “ஈரக் கொழுந்தாம். தண்ணிக்குன்னு மூணு கிலோவ கழிச்சுட்டான்.” நானும் சேர்ந்து திட்டினேன். பிறந்ததிலிருந்து எங்கள் தோட்ட லயத்தில் கேட்கும் சண்டை.

பாதித் திட்டில் வாய் நின்றுவிட்டது.

தூளில் இரும்புக்காக நான் நிறுத்த இரும்பு நைத்திரேற்று! காற்றின் ஈரத்தை அது குடிக்கும். ஆய்வுகூடத்தில் கூட இருக்கும் நிலக்ஷி நிறுக்கும்போதே சொன்னாள்: “போத்தல்ல தண்ணி கோத்திருக்குடி, கழிச்சுட்டு நிறு.” கழிப்பது என்றாலே எனக்கு ஆகாது. “நான் எதையும் கழிக்க மாட்டேன்” என்று வீறாப்பாக நிறுத்தேன். தண்ணியப் போயி இரும்புன்னு நிறுத்துருக்கேன் – சரியான மடச்சி!

“என்னடி, வாயடைச்சுப் போயிட்ட?” என்றாள் அம்மா. கணக்கப்பிள்ளை பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்றா சொல்வது? சோறு கிடைக்காது. ஆனால் அவர் கண்மதிப்பில் கழிக்கிறார். நான் அளந்து கழிப்பேன்.

ஜூன் 18

நைத்திரேற்றில் கொஞ்சம் எடுத்துச் சுட்டு, மிஞ்சிய இரும்பு ஒட்சைட்டை நிறுத்து, தண்ணீர் எவ்வளவென்று கண்டுபிடித்தேன். நிறையவே இருந்தது.

ஜூன் 25

மூன்றாவது தூளை உலைக்குள் வைத்தாயிற்று. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஜூலை 4

வந்துவிட்டது! படத்தில் வேண்டாத கோடு ஒன்றுகூட இல்லை. காந்தமானியில் வைத்தோம். திரையில் வளைகோடு மெல்ல ஊர்ந்தது. அலுமினியம் சேராத தூளின் கோட்டைவிட உயரம் குறைந்தது. அகலமோ விரிந்தது, விரிந்துகொண்டே போனது. இழுக்கிற வலு இதற்குக் குறைவு. ஆனால் இதன் காந்தத்தைப் பறிப்பது அதைவிடக் கடினம். எந்தக் கண்ணும் பார்க்க முடியாத இடத்தில், நான் உட்கார வைத்தவை உட்கார்ந்திருக்கின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது. நிலக்ஷி சிரித்தாள்.

“உலை ஒங்களுக்குத்தான்மா” என்றார் சேர்.

ஜூலை 6

அந்தத் தூளை அழுத்திக் காந்தமேற்றிய ஒரு வில்லையை அம்மாவின் கையில் வைத்தேன். குண்டூசி ஒட்டியதும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்த அளவுக்கு விளக்கினேன். வலிக்கிற முழங்காலைத் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“வலு கொறஞ்சிருச்சு, பிடிவாதம் கூடிருச்சுங்கிற. அப்ப அது என்னய மாதிரிதான்.”

ஆமாம் என்று தலையாட்டினேன்.