டீ குடிக்கச் சொன்ன கணினி

ஸ்ரீபெரும்புதூர்
14.10.2004

அன்புள்ள இசக்கிபாண்டிக்கு, கோமதிநாயகம் எழுதிக்கொள்வது.

இதனால் சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு, குறிப்பாக ஜெராக்ஸ் கடையில் தாள் அடுக்கிக்கொண்டிருக்கும் உனக்கு, முறைப்படி அறிவிப்பது: எங்கள் அலுவலகத்துத் திருஷ்டி பொம்மை நேற்று மாலை உமாதேவி அக்காவின் கணினி மேல் குடியேறிவிட்டது. பால் மட்டும் காய்ச்சவில்லை.

சிரிக்காதே. புது வீட்டு வாசலில் கட்டுவார்களே, முறுக்கு மீசையும் பிதுங்கிய கண்ணுமாக, அதே பொம்மைதான். இங்கே யார் வேலையால் மென்பொருள் படுத்துக்கொள்கிறதோ அவர் கணினி மேல் அது உட்காரும். அடுத்த ஆள் மாட்டும்வரை இறங்காது. ஹார்டுவேர் கடை மாடியில் நாங்கள் இருப்பதே ஐந்து பேர். விமல் அண்ணனிடம் ஆடி மாதம் முழுக்கக் குடியிருந்தது. முதலாளி சுப்பராயலு சாரைக்கூட ஒருமுறை பார்த்துவிட்டு வந்தது. என் மேஜைப் பக்கம் இன்றுவரை எட்டிப் பார்த்ததில்லை என்பதைப் பணிவோடு பதிவு செய்கிறேன்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். விண்ணப்பத்தை உமாதேவி அக்காவிடம் கொடுத்துவிட்டேன். புது ஆளைத் தேர்ந்தெடுப்பது அவர்தான். அடுத்த வெள்ளிக்கிழமை நேர்காணல். என் சிபாரிசு இருக்கும்போது உனக்கு வேலை கிடைத்த மாதிரிதான், வேலையை விடுவதாகக் கடை அண்ணாச்சியிடம் சொல்லிவிடு என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? இன்னும் சொல்லவில்லையென்றால் கொஞ்சம் பொறு. அக்காவின் பொறுப்பே நேற்று ஆட்டம் கண்டுவிட்டது.

இருங்காட்டுக்கோட்டையில் கார்க் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு நாங்கள்தான் மென்பொருள் எழுதித் தருகிறோம். ஒவ்வொரு பெட்டியிலும் எத்தனை பட்டை என்று தொழிலாளி கணினியில் தட்டுவார். கணக்கு உதைத்தால், தவறான எண்ணிக்கை என்று திரையில் ஆங்கிலத்தில் வரும். அதைப் படிக்கும்போதெல்லாம் நம் பாலிடெக்னிக் முதல்வர் முகம்தான் எனக்குத் தெரிந்தது. ஆகவே அந்த வரியை எடுத்துவிட்டு வேறு வைத்தேன்: "அண்ணாச்சி, கண்ணு சொருகுதா? ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

இங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகப் படித்துச் சரி சொன்ன பிறகுதான் அது தொழிற்சாலைக்குப் போகும். நான் எழுதியதை அக்கா படித்துச் சரி சொல்லிவிட்டார். டீ வரியைச் சேர்த்தது அதற்கப்புறம். ஒரே ஒரு வரி, இதற்காக மறுபடியும் அவரைத் தொந்தரவு செய்வானேன் என்கிற நல்லெண்ணம்தான். விமல் அண்ணனைச் சிரிக்க வைத்துவிட்டுச் சாயங்காலம் அழித்துவிடலாம் என்றிருந்தேன். அதற்குள் அவர் எல்லாவற்றையும் சிடியில் ஏற்றிக்கொண்டு பைக்கில் கிளம்பிவிட்டார்.

நேற்று காலை ஒரு பெட்டியில் ஒரு பட்டை குறைந்தது. திரை டீ குடிக்கச் சொன்னது. தொழிலாளி பயந்துபோய்ச் சூப்பர்வைசர் தணிகாசலத்தைக் கூப்பிட்டார். அவர் தட்டினார். அவரையும் குடிக்கச் சொன்னது. கம்பெனி ஏதோ புதுத் திட்டம் கொண்டுவந்திருக்கிறது என்று முடிவு செய்து, விசில் ஊதி, லைன் மொத்தத்தையும் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டார். மேலாளர் ஓடிவந்து கேட்டதற்கு, "கம்ப்யூட்டரே சொல்லிக்கினு கீது சார், நான் இன்னா பண்றது" என்றாராம். சரக்கு ஏற்ற வந்த லாரி வாசலிலேயே நின்றது. ஒரே வரியில் ஒரு ஷிப்டுக்கே டீ கொடுத்த வள்ளல் இந்த மாவட்டத்தில் என்னைத் தவிர யார்?

மத்தியானம் சார் தொழிற்சாலையில் வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பினார். இது யார் வேலை என்றார். உமாதேவி அக்கா எழுந்து, "நான் படிச்சு ஓகே சொன்னது சார். நான்தான் பதில் சொல்லணும்" என்றார். அப்படியானால் இனி மற்றவர் வேலையைப் படிப்பதும் வேண்டாம், புது ஆள் எடுப்பதும் வேண்டாம் என்று சார் கத்திவிட்டார். உன் வேலையும் அந்த நிமிடத்தோடு போயிற்று.

அப்போதுதான் நான் எழுந்தேன். நெஞ்சை நிமிர்த்தினேன். செய்தவன் நான், அக்கா மேல் பழி விழ விடமாட்டேன் என்று முழங்கினேன். கீழே ஹார்டுவேர் கடையில் ஆணி டப்பா உருண்டதாகக் கேள்வி.

இதோடு உறையை ஒட்டிவிடத்தான் நினைத்தேன். ஆனால் நீ வந்து இறங்கியதும் விமல் அண்ணன் முதல் வேலையாக உண்மையைச் சொல்லிவிடுவார். அதற்கு நானே சொல்லிவிடுகிறேன்.

நான் முழங்கவில்லை. சார் கேட்டபோது நான் மேஜைக்கு அடியில், கழன்றே இராத ஒயரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா பழியை ஏற்றுக்கொண்ட பிறகும் வெளியே வரவில்லை. பயமாக இருந்தது மக்கா. பிழைக்க வந்த இடத்தில் பிழை செய்துவிட்டு ஊருக்கு எந்த முகத்தோடு வருவது? விமல் அண்ணன்தான் குனிந்து, "அண்ணாச்சி, வெளிய வாங்க. ஒயரு நல்லாத்தான் கீது" என்றார். பார்க்கிறவரையெல்லாம் அண்ணாச்சி என்கிற தெற்கத்தி ஆள் அந்த மாடியில் நான் ஒருவன்தான். சார் உட்பட எல்லோருக்கும் காலையிலேயே தெரிந்திருக்கிறது. நானாக வருகிறேனா என்றுதான் பார்த்திருக்கிறார்கள்.

வெளியே வந்து, அக்கா படித்த பிறகு சேர்த்த வரி அது என்று சொன்னேன். சார் அக்காவின் பொறுப்பை அவரிடமே விட்டுவிட்டார். மாலையில் அக்காவின் கணினி மேல் ஏறிய பொம்மையை என் மேஜைக்குத் தூக்கப் போனேன், அக்கா தரவில்லை. "நான் படிச்சப்புறம் ஒருத்தன் மாத்த முடியுதுன்னா, ஓட்டை நம்ம முறையில இருக்கு. அதை அடைக்கிறவரைக்கும் இது இங்கதான்" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இனி நான் எழுதுவதை இரண்டு பேர் படிக்க வேண்டுமாம். ஒருவர் அக்கா. இன்னொருவராக வர இங்கே யாரும் தயாராக இல்லை. தனக்குக் குடும்பம் இருக்கிறது என்கிறார் விமல் அண்ணன். ஆள் கிடைக்காவிட்டால் என் வேலை எதுவும் வெளியே போகாது; மாதக் கடைசியில் நானே வெளியே போக வேண்டியிருக்கும்.

ஆகவே, என் சிபாரிசால் உனக்கு வேலை என்று எழுதியிருந்த வரியை அடித்துவிடு. நேர்காணலுக்கு நன்றாகத் தயார் செய்துகொண்டு வா. என்னைத் தெரியுமா என்று அக்கா கேட்டால் தெரியும் என்று சொல். எவ்வளவு தெரியும் என்று சொல்லாதே. எப்படியாவது தேர்வாகிவிடுடா. நான் எழுதுவதைப் படிக்க எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடியலில் பேருந்து நிறுத்தத்தில் நிற்பேன்.

இப்படிக்கு,
கோமதிநாயகம்