உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது

காஜா பெராங், மலாக்கா
15.3.1970

அன்பு மகள் ருக்மணிக்கு அப்பா எழுதுவது. நலம் என்று எழுத இந்த முறை கை வரவில்லையம்மா, நீயாவது லண்டன் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க மாரியம்மன் துணை நிற்கட்டும். தந்தி கிடைத்திருக்கும். அதில் நாலு வார்த்தைதான் போகும், நடந்தது உனக்குத் தெரியவேண்டும் என்று எழுதுகிறேன். அம்மா ஒரு வாரமாகவே இடது தோள் வலிக்கிறது என்றாள், துணி துவைத்த வலி என்று நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை காலை பாசாரிலிருந்து மீனோடு வந்தவள் பையைக்கூடக் கீழே வைக்காமல் அடுப்படியில் சாய்ந்துவிட்டாள், உடம்பெல்லாம் வேர்வை. பக்கத்து வீட்டு ஜெயபாலன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாரடைப்பு, இருதயத்தில் பெரும்பகுதி கெட்டுவிட்டது என்றார் டாக்டர் சேதுராமன். ரத்த அழுத்தம் ஏறவே இல்லை, கைகால் ஜில்லிட்டுக் கிடந்தது, மறுநாள் சிறுநீரும் நின்றுவிட்டது.

வியாழக்கிழமை உன் கடிதம் வந்தது. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து இருதயத்தில் தைத்துப் புதுவழி போடுகிறார்கள், அந்த வார்டில்தான் எனக்கு வேலை என்று எழுதியிருந்தாய். படித்த கையோடு சைக்கிளில் பறந்தேன். டாக்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, "ஐயா, இந்த ஆபரேஷன் நம்ம நாட்டுல இன்னும் இல்ல. அங்கேயும் நடந்து வர்றவங்களுக்குத்தான் செய்றாங்க. இவ்வளவு மோசமா இருக்கிறவங்கள மேசையில ஏத்துனா பாதிப் பேரு பிழைக்கிறதில்ல. அம்மாவ ப்ளேன்ல ஏத்தவே முடியாது" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன், அவரும் கையை உருவவில்லை.

அம்மாவுக்கு நினைவு இருந்தது. "என்னா எழுதியிருக்கா, படிங்க" என்றாள். படித்தேன். "கோழி அறுத்தாலே ஓடி ஒளிவா, நெஞ்சத் தொறந்து தைக்கிற எடத்துல நிக்கிறாளா?" என்று மூச்சுவாங்கச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில் மலாய்க்கார அம்மாவிடமும் அனாக் சாயா, என் மகள், நர்ஸ், லண்டன் என்று சொல்லிக்கொண்டாள். ஏழாம் தேதி சனிக்கிழமை காலை நான் கஞ்சி வாங்கி வருவதற்குள் அடங்கிவிட்டாள்.

வரும் ஞாயிறு பதினாறாம் நாள் காரியம். அதற்குள் இது கிடைத்தால் ஒரு விளக்கேற்று, போதும். வேலைக்குப் போகாமல் இருந்துவிடாதே, வேளைக்குச் சாப்பிடு. நூறு வயது நன்றாயிரு. அம்மா அங்கே இருந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று உங்கள் டாக்டர்களைக் கேட்பாய், உன்னை எனக்குத் தெரியும். கேட்டுக்கொள். அவர்கள் சொல்லும் பதிலை மட்டும் எனக்கு எழுதாதே அம்மா.

ஆசிகளுடன் உன் அப்பா,
மருதமுத்து