வசந்தாவின் கம்மல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அம்மாவுக்கு இருமல் விட்டதா? இங்கே சிங்கப்பூரில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தெம்பனிஸில் என் பக்கத்து வீட்டு வசந்தகுமாரியைப் பற்றி எழுதியிருந்தேனே, சர்க்கரை நோயில் பார்வை போனவள். அவளுக்கு வழிகாட்ட ஒரு நாயைப் பழக்குவதற்காக நன்கொடை திரட்டுகிறோம். லிட்டில் இந்தியாவில் பூ வாங்கியபோது பெரிய கம்மலோடு அவள் வாய்விட்டுச் சிரித்ததைப் படமெடுத்து இணையத்தில் போட்டேன். ஒருவரும் சீண்டவில்லை.

இந்த வேலையில் எங்களுக்கு உதவும் திலீப்தான் காரணம் சொன்னான். "அக்கா, இவ்வளவு சந்தோஷமா இருந்தா யாரு காசு குடுப்பாங்க லா? பூ, கம்மல் இல்லாம, கொஞ்சம் சோகமா ஒண்ணு எடுங்க."

எனக்குக் கோபம் வந்தது. வசந்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "கண்ணு போனப்பகூட யாரும் என் கம்மலைக் கழட்டச் சொல்லலைடி. பரவாயில்ல, எடு. எனக்கு நாய் வேணும்." கம்மலை என் கையில் கொடுத்துவிட்டு, வெறும் சுவர் முன்னால் தலைகுனிந்து நின்றாள். நானும் எடுத்தேன்.

இப்போது பணம் கொட்டுகிறது. கூடவே எத்தனையோ பேரின் 'ஐயோ பாவம்'. நேற்று கம்மலைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"நாய் வர்ற வரைக்கும் நீயே வச்சிக்க" என்றாள். "காசு குடுத்தவங்க யாராவது என்னைக் கம்மலோட பாத்தா, நான் ஏமாத்துறேன்னு சொல்வாங்க."

வேறு விசேஷமில்லை. கறிவேப்பிலைப் பொடி தீர்ந்துவிட்டது. யாராவது இங்கே வந்தால் கொடுத்தனுப்புங்கள். நீங்களும் அம்மாவும் இருக்கிற படம் ஒன்றையும் சேர்த்து வையுங்கள். சிரிக்கிற படமாக இருக்கட்டும். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்,
சிவகாமசுந்தரி